ஆனர்ஸ் படிப்பும் 140 கிலோ பழைய தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு ஆனர்ஸ் படிப்புகளைப் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். சமூகவியல், அரசியல் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் என்று பிரித்து, எதைப் படித்தால் எந்த வேலைக்குப் போகலாம் என்று பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். நடுவில் 'இத்திட்டத்தின் பின்னால் இருப்பவர்கள்' என்று ஐந்து படங்கள். ஐவரும் பேராசிரியர்கள். ஐவரும் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்கு வேறோர் அலமாரி நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும் என்று தெரிகிறது. இடமில்லை என்றால் பழைய வரலாறு சொல்லும் இடங்களில் வெட்டிக்கொள்ளுங்கள்; தில்லியின் வடகோடி நரேலா பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் 1982 முதல் 2019 வரை தில்லியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். திருவையாற்றுக்குப் பக்கத்தில் பிறந்து, கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையர் தேறி, கரோல் பாகில் சித்தப்பா வாடகைக்கு இருந்த மொட்டைமாடி அறையில் வந்து இறங்கியவன். சமூக அறிவியல் துறைகளின் காகிதங்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். வினாத்தாளை ஸ்டென்சிலில் அடித்து உருட்டிய காலத்திலிருந்து கணினி வந்த பிறகு வரைக்கும் அங்கே இருந்தேன். என்ன படித்தாய் என்று கேட்டால் பி.காம்., அதுவும் தபாலில். ஆனால் சமூகவியல் ஆனர்ஸ் பாடத்திட்டத்தை நான்கு முறை மாற்றி அடித்திருக்கிறேன். டைப் அடிப்பவன் படிப்பதில்லை என்று பேராசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்கு வசதி.

'ஆனர்ஸ்' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் எடுத்து ஆனர்ஸ் முடித்தவர் என்பதை அப்பா ஏதோ சொந்த அண்ணன் முடித்தது போலச் சொல்வார். அந்தக் கால மதராஸ் ஆனர்ஸ் என்றால் சும்மா இல்லை. பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பி விவரம் சேகரிக்கச் சொல்லும் பழக்கமும் அங்கேதான் தொடங்கியது. மதராஸ் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று அந்த ஊர்களின் பெயர்கள் இன்றும் பொருளாதாரம் படித்தவர்களுக்கு மனப்பாடம். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எத்தனை என்று அந்தப் பையன்கள் எழுதி வந்ததை வைத்து 1918-ல் புத்தகம் வந்தது. பிறகு 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். அதற்குப் பிறகும் பலமுறை போயிருக்கிறார்கள். ஸ்லேட்டர் பெயர் நிலைத்துவிட்டது. ஊர்களின் பெயரும் நிலைத்துவிட்டது. பதில் சொன்னவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தில்லிக்கு வருகிறேன். வி.கே.ஆர்.வி. ராவ் 1949-ல் தொடங்கிய தில்லிப் பொருளாதாரப் பள்ளியில் 1959-ல் சமூகவியல் துறை வந்தது. அதைக் கட்டி எழுப்பியவர் மைசூர்க்காரரான எம்.என். ஸ்ரீநிவாஸ். அவரோடு அங்கே சேர்ந்தவர்களில் ஒருவர் ஆந்த்ரே பெத்தெய். அவர் 1961, 62-ல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் வந்து தங்கி, அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று மூன்றையும் பார்த்து எழுதிய ஆய்வு 1965-ல் புத்தகமானது. தில்லியில் சமூகவியல் ஆனர்ஸ் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைத் தாண்டாமல் போக முடியாது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று வைத்தார். நான் கல்லூரிக்கு வந்த புதிதில் அந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் போய் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எங்கள் பக்கத்து வாய்க்கால், எங்கள் பக்கத்துப் பண்ணை, எங்கள் பக்கத்துச் சண்டை. இதை இவருக்கு யார் சொன்னார்கள் என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் தேடினேன். பெயர் மறைப்பது சொன்னவர்களைக் காப்பாற்றத்தான் என்று பிறகு ஓர் ஆசிரியை எனக்கு விளக்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆய்வேட்டின் முதல் பக்கத்து நன்றியுரையைப் பாருங்கள். வழிகாட்டிக்குப் பெயர் உண்டு, துறைத் தலைவருக்குப் பெயர் உண்டு, அறைத் தோழிக்கும் பூனைக்குட்டிக்கும்கூடப் பெயர் உண்டு. உள்ளதை உள்ளபடி சொன்னவர்கள் மட்டும் 'எனக்குப் பதிலளித்த அனைவருக்கும்' என்று ஒரே வரியில் போய்விடுவார்கள். முப்பத்தேழு ஆண்டுகளில் நான் எத்தனை நன்றியுரை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. பூனை மட்டும் ஒரு முறைதான் வந்தது.

இப்போதைய திட்டத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் சொன்னது சரிதான். 2013-ல் நான்காண்டு என்று ஒரு முறை கொண்டுவந்து, 2014-ல் திரும்பப் பெற்றார்கள். அந்த ஓர் ஆண்டில் நான் அடித்துக் கிழித்த சுற்றறிக்கைகளுக்குத் தனிக் கடிதம் வேண்டும். பிறகு புதிய கல்விக் கொள்கையின்படி 2022-ல் சேர்ந்தவர்கள் 2025-ல் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தார்கள். மூன்றாண்டோடு போகிறவர்கள் போகலாம். நான்காம் ஆண்டில் இருப்பவர்கள் ஏழாம், எட்டாம் பருவங்களில் ஆய்வேடு எழுதலாம். இரண்டுக்கும் சேர்த்து 12 கிரெடிட். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்கள்தாம் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்கு வரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. ஆக, இனி ஆண்டுதோறும் இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கையில் வினாப்பட்டியலோடு தில்லியின் தெருக்களில் இறங்கப் போகிறார்கள். நல்லது. எந்தத் தெருவில் இறங்குவார்கள் என்றுதான் யாரும் கேட்கவில்லை. கிரேட்டர் கைலாஷில் கதவைத் தட்டினால் காவலாளி விரட்டிவிடுவார். குடிசைப் பகுதியில்தான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் கிடைக்கும், தேநீரும் கிடைக்கும்.

உங்கள் ஐந்து படங்களில் இடம்பெறாத சிலரைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆசிரியை. தில்லியில் 'அட்-ஹாக்' (தற்காலிக ஆசிரியர்) என்று ஒரு சாதி உண்டு. மண்டல் குழு பட்டியலில் விட்டுப்போன சாதி. 120 நாளைக்கு ஒரு நியமனக் கடிதம். முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி. அந்த ஒரு நாளில் அவர் ஆசிரியர் இல்லை, யாரும் இல்லை. மறுநாள் புதிய கடிதம். இந்த அம்மையாருக்கு மட்டும் எட்டு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட கடிதங்களை நானே அடித்திருக்கிறேன். தேதியை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இடைவெளி நாளில்கூட வந்து மாணவிகளின் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருப்பார். "இன்றைக்கு நீங்கள் வரக்கூடாதே அம்மா" என்றால், "நான் வரவில்லை, நீங்கள் என்னைப் பார்க்கவில்லை" என்பார். பிள்ளைகளை வகுப்பறையை விட்டு வெளியே அழைத்துப் போனவர் அவர்தான். மூன்றாண்டு ஆனர்ஸில் ஆய்வேடு கட்டாயமில்லாத காலம் அது; அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடையாது. நிரந்தரப் பணிக்கான நேர்காணல் அவருக்கு மூன்று நிமிடத்தில் முடிந்தது. இப்போது வேறொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார் என்று கேள்வி. 2019-ல் மானியக் குழு வகுத்தபடி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் எவ்வளவு எடுத்தாலும் 50,000-க்கு மேல் கிடையாது. 'கௌரவம்' என்றாலும் 'ஆனர்' என்றாலும் ஒன்றுதானே என்று ஒரு முறை சிரித்தார்.

இரண்டாவது ஒரு போட்டோகாப்பிக் கடை. ராமேஸ்வரி என்ற பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர் கடை போலத் தோன்றும், இல்லை. தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்துக்குள் இருந்த சிறிய கடை. ஆசிரியர்கள் கொடுக்கும் பட்டியலின்படி இந்தப் புத்தகத்தில் இருபது பக்கம், அந்தப் புத்தகத்தில் முப்பது பக்கம் என்று நகலெடுத்துக் கட்டித் தருவார்கள். ஒரு புத்தகத்தின் விலைக்கு ஓர் ஆண்டின் படிப்பே கைக்கு வந்துவிடும். 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்று மூன்று பெரிய பதிப்பகங்கள் அந்தச் சின்னக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்குத் துணையாக நின்றார்கள். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், கற்பிக்கும் தேவைக்காக இப்படி நகலெடுப்பது பதிப்புரிமையை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இந்தியா முழுக்க இன்று ஒரு மாணவி நகலெடுத்த பக்கங்களைக் கையில் வைத்துப் படிக்கிறாள் என்றால் அந்த மெஷினுக்கு முன்னால் நின்றவரும் இந்தப் படிப்பின் பின்னால் இருப்பவர்தான். அவர் படத்தைப் போட உங்களுக்குத் தோன்றவில்லை.

நூலக உதவியாளர்கள், ஆய்வேட்டுக்குத் தோல் அட்டையும் தங்க எழுத்தும் போட்டுக் கொடுக்கும் பட்டேல் செஸ்ட் பகுதிக் கடைக்காரர்கள், சமர்ப்பிக்கும் நாளன்று ஐந்து மணிக்கு மேல் ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வைத்திருக்கும் கடைநிலை ஊழியர் எல்லோரையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது மதராசி கேம்ப் பற்றி.

2010 ஜனவரி. அந்த அட்-ஹாக் ஆசிரியை பதினோரு மாணவிகளோடு ஜங்புரா மதராசி கேம்புக்குப் போக முடிவு செய்தார். பாராபுல்லா நாலாவை, அதாவது கழிவுநீர்க் கால்வாயை, ஒட்டிய தமிழர் குடியிருப்பு. விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஜனங்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் நிஜாமுதீனிலும் ஜங்புராவிலும் வீட்டு வேலை. பிள்ளைகளுக்கு லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி. இளையவர்கள் இந்தி பேசினார்கள். மூத்தவர்களிடம் அந்தப் பதினோரு பேரின் இந்தி செல்லவில்லை. அதனால் "நீங்கள் வர முடியுமா?" என்று என்னைக் கேட்டார். சனிக்கிழமைகளில் போனேன். ஐந்து சனிக்கிழமை. அப்போது அந்த ஆண்டு அக்டோபர் காமன்வெல்த் விளையாட்டுக்காக நாலாவின் மேல் பெரிய பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்கள் பாதி எழும்பி நின்றன. குடிசைகளுக்கு மேல் புழுதி.

ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். மாணவி இந்தியில் கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், அவர்கள் சொல்வதை என் நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொள்வேன். பிறகு அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். என் ஆங்கிலம் பத்து வார்த்தையைக் கேட்டு ஐந்து வார்த்தையைக் கொடுக்கும் ஆங்கிலம். அந்த மனிதர் தில்லிக்கு வந்தது 1982 ஆசிய விளையாட்டுக்கு முன்னால், நேரு ஸ்டேடியம் கட்டும் வேலைக்கு. அவர் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்: "கம்பி கட்டினேன். எல்லாம் முடிந்து விளையாட்டு தொடங்கிய பிறகு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று போனேன். டிக்கெட் எங்கே என்றார்கள். நான் கட்டிய கம்பிக்கு நான் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன்." நான் இதை மாணவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், வருத்தப்பட்டாள், எழுதிக்கொண்டாள். பிறகு அறிக்கை என் மேசைக்கு டைப் செய்ய வந்தது. அட்டவணை நான்கு, வரிசை பதினேழு: தொழில் - கட்டடத் தொழிலாளி. குடிபெயர்ந்த ஆண்டு - 1981. அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அட்டவணையில் 'டிக்கெட்' என்று ஒரு கட்டம் கிடையாது.

புறப்படும்போது அந்த அம்மாள் கேட்டார்: "இவ்வளவு எழுதிக்கொண்டு போகிறீர்களே ஐயா, எழுதி முடித்ததும் எங்களுக்கு ஒரு தடவை படித்துக் காட்டுவீர்களா?" நிச்சயம் என்றேன். மாணவியும் தலையை ஆட்டினாள். ஆசிரியையும் ஆட்டினார். யாரும் போகவில்லை.

அறிக்கை சுருள் கம்பியில் கட்டப்பட்டு, என் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் ஏறியது. அங்கே அது போல நாற்பது ஐம்பது இருந்தன. ஓக்லா தையல்காரர்கள், ஆசாத்பூர் மண்டிக் கூலிகள், யமுனைக் கரைத் தோட்டக்காரர்கள் என்று எல்லோரும் அந்த அலமாரியில் குடியிருந்தார்கள். 2018-ல் கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யக் குழு வரப் போகிறது என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பூந்தொட்டி வாங்கினார்கள், பழையதைக் கழித்துவிடச் சொன்னார்கள். அலமாரி காலியானது. கழிவுப் பட்டியலில் 'பழைய தாள், 140 கிலோ, கிலோ 9 ரூபாய், மொத்தம் 1,260 ரூபாய்' என்று இருக்கும். கீழே எழுத்தர் கையெழுத்து இருக்கும். அது என்னுடையது. மேலே உள்ளவர்கள் சொன்னார்கள், செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். ஒரு கட்டையாவது இழுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மனம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

(ஸ்ரீநிவாஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1948-ல் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தங்கிச் சேகரித்த குறிப்புகளை அவர் மூன்று பிரதியாக ஒழுங்கு செய்து வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் மூன்றும் எரிந்துபோயின. நினைவில் இருந்ததை வைத்தே அவர் எழுதிய புத்தகம் 1976-ல் வந்தது. உலகம் முழுக்கப் படித்தார்கள். எங்கள் அலமாரிக்கு யாரும் தீ வைக்கவில்லை. தராசில் வைத்தோம்.)

2025 ஜூன் 1 அன்று, நாலாவைச் சீர்செய்ய வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நீங்களும் படம் போட்டீர்கள். ஏறத்தாழ 370 வீடுகள். அப்போதைய பட்டியலின்படி 189 குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு, மற்றவர்களுக்கு இல்லை. அன்றிரவு தூங்காமல் அந்த அறிக்கையை நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் யார், எந்த ஆண்டு வந்தார்கள் என்று பதினோரு பெண்கள் ஐந்து சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியது. மாணவிகளின் அறிக்கையை எந்த அதிகாரியும் ஆவணமாக ஏற்க மாட்டார். ரேஷன் அட்டைக்கு முன்னால் அது செல்லாக்காசு என்பது முப்பத்தேழு ஆண்டு காகிதம் தள்ளியவனுக்குத் தெரியாதா? இருந்தாலும் தூக்கம் வரவில்லை.

இப்போது என் பக்கத்து வீட்டுப் பெண். மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில்தான் இருக்கிறாள். வேறொரு கல்லூரியில் சமூகவியல் ஆனர்ஸ், நான்காம் ஆண்டு. தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் அறுபதைக் கடந்தவரையும் 'அங்கிள்' என்பார்கள்; இவள் 'மாமா' என்பாள், அதனாலேயே எதைக் கேட்டாலும் மறுக்க முடியாது. நரேலாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள் என்பது அவள் ஆய்வேடு. பழைய கேம்பிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் விழுப்புரத்துத் தமிழ் வேகமாக வந்தால் நின்றுவிடுவாள். "மாமா, கூட வருவீர்களா?" என்றாள். வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். எழுதி முடித்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். தவறு என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். சரி என்றாள். வழிகாட்டியிடம் கேட்டாளாம். "நல்ல யோசனை, ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது" என்றாராம். மதிப்பெண் இல்லாத வேலை என்றால் இந்த ஊரில் மாணவர்கள் என்ன, மந்திரிகளே செய்ய மாட்டார்கள். அவள் செய்கிறாள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை எந்தக் கல்லூரியில் எந்த ஆனர்ஸ் நல்லது என்று பட்டியல் போடும்போது, ஆய்வேடுகள் எங்கே போகின்றன என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பதில் சொன்னவர்களுக்குப் பிரதி போகிறதா, அவர்கள் மொழியில் போகிறதா, யார் எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். 12 கிரெடிட்டில் அதற்கு ஒன்று வைத்தால் குறைந்தா போய்விடும்? தமிழ்ப் பெற்றோர்கள் உங்கள் பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் லிஃப்டில்கூட ஒட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் பனியில் அவளோடு நரேலா போனேன். மெட்ரோவில் சமய்பூர் பாத்லி வரை போய், அங்கிருந்து பஸ். மூன்றாவது மாடியில் ஒரு கதவைத் தட்டினாள். திறந்த அம்மாள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நோட்டுக்காரர்தானே?" என்றார். எனக்குக் கால் நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டுகள். கணவர் 2021 ஏப்ரலில் போய்விட்டாராம், அந்தக் கொரோனா அலையில். படம் சுவரில் மாட்டியிருந்தது; தண்ணீர்க் கேன்கள் கீழே வரிசையாக. தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அன்றைக்கு எழுதிக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆயிற்று?"

அலமாரி, குழு, பூந்தொட்டி, 140 கிலோ எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அதில் அவர் பேசியது இருக்குமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். மனைவி திட்டினாள், இடுப்பைப் பற்றி ஞாபகப்படுத்தினாள். டிரங்குப் பெட்டியில், பழைய வருமான வரிக் காகிதங்களுக்குக் கீழே என் நோட்டு இருந்தது. அறிக்கைதானே தராசுக்குப் போனது. நோட்டு கல்லூரியுடையது அல்ல, இரண்டு ரூபாய் கொடுத்து நான் வாங்கியது. ஐந்து சனிக்கிழமையும் அதில் இருந்தன. கணக்குப் பார்த்தேன்: அறுபத்தோரு வீடு.

அடுத்த வாரம் மறுபடி போனோம். அவர் ஈயப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் படித்தேன். வந்த ஆண்டு, ஊர், குடிசை போட்ட விதம், தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்பது எல்லாம். "கம்பி கட்டினேன்" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கம்பி கட்டியது அவர் அண்ணன். இவர் சாந்து சுமந்தார். பெண் பிள்ளைகள் முன்னால் சாந்து சுமந்தேன் என்று சொல்லக் கூச்சம். மாற்றிச் சொல்லியிருக்கிறார்." கொஞ்சம் சிரித்தார். "டிக்கெட் கேட்டது மட்டும் உண்மை. நானும்தான் கூட நின்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புதுப் புடவை வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன்."

அடித்துத் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவர் சொன்னது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் நான் சொன்னதாக எழுதுங்கள்."

நோட்டின் ஓரத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பேனாவை நீட்டினாள். சின்ன எழுத்தில் எழுதி, தேதி போட்டு, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். ஆய்வில் பெயர் போடக்கூடாது மாமா என்று அவள் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அந்த அம்மாளுக்கும் விழுந்தது.

"போடுங்கள்" என்றார். "இனிஷியலோடு போடுங்கள்."

போட்டேன். அது என் நோட்டில் இருக்கிறது. உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்த அனுமதி அந்தப் பக்கத்தின் ஓரத்துக்கு மட்டும்தான். என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி எழுத்தர்,
மயூர் விஹார் பகுதி 1, தில்லி

பி.கு.: மீதி அறுபது வீட்டுக்காரர்கள் எந்தெந்த மாடியில் இருக்கிறார்கள், நரேலாவில் வீடு கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வாசகர்களில் யாராவது அந்தக் கேம்பில் 2010-ல் என்னிடம் பதில் சொல்லியிருந்தால், அல்லது சொன்னவர்களின் பிள்ளைகளாக இருந்தால், பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை போடட்டும். நோட்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இடுப்பு வலி இருக்கிறது. ஆகவே மூன்றாவது மாடிக்கு மேல் என்றால் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லவும்.